அமானிதமாக வந்த கிட்டார்

சிதம்பரத்தில் அண்ணாமலை நகரை ஒட்டிய எங்கள் தெருவில் மாடி வைத்துக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒரே வருமானம்தான். படிக்க வரும் பையன்களுக்கு மாடியை வாடகைக்கு விடுவது. சலீமா பீவி வீட்டு மாடியில் மூன்று அறைகள். கணவர் ஹாமித் குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை. மகள் ரூமானா பி.காம். படிக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் எதிர் வீட்டைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு.

மே மாதம் வந்தால் பையன்கள் காலி செய்துகொண்டு கிளம்புவார்கள். பக்கெட், பாய், ஒரு றெக்கை உடைந்த டேபிள் ஃபேன், எம்.எஸ்ஸி.க்கும் எம்.பி.ஏ.வுக்கும் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் அறையிலேயே கிடக்கும். மற்ற வீட்டுக்காரர்கள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். சலீமா பீவி மட்டும் தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். சும்மா விட்டுப் போன சாமானை ஒரு வருடம் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால், "வெச்சிருங்க ஆன்ட்டி, வந்து வாங்கிக்கிறேன்" என்று பையன் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். அதை உபயோகிக்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது, கொடுத்தவன் கேட்கும்போது கொடுத்தபடியே அவனிடம் திருப்பித் தர வேண்டும். இதோடு, திறந்தும் பார்க்கக் கூடாது என்று ஒன்றைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. சலீமா பீவி சொன்னார்.

இந்தச் சட்டப்படி ஒரு இஸ்திரிப் பெட்டி அவர் வீட்டில் வருடக் கணக்கில் இருந்தது. அதைக் கொடுத்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு கோயிலுக்கு வந்த இடத்தில் எதேச்சையாக எட்டிப் பார்த்தான். கையில் பெட்டியைத் திணித்து அனுப்பினார். அவன் வெட்கத்தில் நெளிந்ததை நான் கடையிலிருந்து பார்த்தேன். கிட்டார் வந்தது அதற்குப் பிறகு.

கொடுத்தவன் பெயர் செந்தமிழ்செல்வன். ஊர் குறிஞ்சிப்பாடி. மூன்று வருடம் மாடியில் இருந்தவன். நோன்பு மாதத்தில் கஞ்சிக்குத் தூக்குப்பாத்திரத்தோடு முதல் ஆளாக இறங்கி வருவான். வாசிப்பு சுமார்தான். ஒரே பாட்டின் முதல் நாலு வரியை மூன்று வருடம் வாசித்தான், ஐந்தாவது வரி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. படிப்பு முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அன்று கிட்டாரைப் பையோடு கொண்டுவந்து கீழே வைத்தான்.

"ஆன்ட்டி, ரெண்டு மாசத்துல லீவுல வந்து எடுத்துக்குறேன். எங்க ஊட்ல மட்டும் குடுத்துடாதீங்க. அக்கா புள்ளைங்க ஒடச்சிப் போட்டுடும்."

"என் கையிலேர்ந்து உன் கைக்குத்தாம்ப்பா போவும்," என்றார் சலீமா பீவி. அந்த ஒரு வாக்கியத்தை அவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் வருடம் அவனிடமிருந்து அவ்வப்போது செய்தி வந்தது. அடுத்த மாசம், பொங்கலுக்கு, உறுதியாக சித்திரையில் என்று தள்ளிக்கொண்டே போய், பிறகு அந்த எண்ணே செத்துவிட்டது. குறிஞ்சிப்பாடியில் அவன் அப்பா சுப்பராயலு உரக்கடை வைத்திருப்பது சலீமா பீவிக்குத் தெரியும். போய்ப் புது எண்ணை வாங்கிவந்தால் முடிந்தது விஷயம். நானே சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"நாமளா தேடிப் போனா, எடுத்துட்டுப் போன்னு வெரட்டுற மாரி ஆயிடும். அவன் வரும்போது வரட்டும்."

கிட்டாரை எப்படிப் பாதுகாப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த எல்லாப் பாதுகாப்பையும் அதற்குச் செய்தார். முதலில் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பெருக்கும்போது துடைப்பம் இடிக்கிறது என்று பீரோ மூலைக்கு மாற்றினார். அங்கே எறும்பு வந்தது. பாச்சை உருண்டைகளைத் துணியில் முடிந்து பக்கத்தில் தொங்கவிட்டார். பழைய ஜமக்காளத்தை வெட்டி, பைக்கு மேலே இன்னொரு பையாகத் தைத்துப் போட்டார். இத்தனையும் செய்தவர் உள்ளே இருக்கும் பையின் ஜிப்பை ஒரு விரற்கடைகூட இழுக்கவில்லை.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் ஒன்றே ஒன்றுதான் தோன்றும், எல்லாவற்றையும் மேலே ஏற்று. சலீமா பீவி முதலில் ஏற்றியது கிட்டாரை. அரிசி மூட்டை இரண்டாவது. காற்றுகூட உள்ளே போகாதபடி பாலிதீன் தாளில் அதைச் சுற்றி, நைலான் கயிறு போட்டுக் கட்டி, பரண்மேல் வைத்தார். மழை விட்டது, தண்ணீர் வடிந்தது, அரிசி மூட்டை இறங்கி வந்தது. கிட்டார் இறங்கவில்லை. இனி எந்தப் புயல் வந்தாலும் பயமில்லை என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்தப் பரணுக்கு மேலே மாடி அறைகள் வராத வெறும் மொட்டைத் தளம். அக்னி நட்சத்திரத்தில் அந்தத் தளத்தில் வடாம் ஒரே நாளில் காய்ந்துவிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வடாமையும் கிட்டாரையும் நாங்கள் இருவரும் சேர்த்து யோசிக்கவில்லை.

ரூமானா பலமுறை கேட்டுப் பார்த்தாள். "ம்மா, ஒரு தடவ எடுத்து வாசிச்சிப் பாத்துட்டு அப்படியே வெச்சிடறேன்."

"அடுத்தவன் பொருள்ல கை வெக்கறதுக்கா உன்னப் படிக்க வெக்கிறேன்?"

இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. போன வருடக் கடைசியில் ஹாமித் குவைத்திலிருந்து போன் செய்து, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். அவர் அங்கிருந்து வருவார், இவர் சென்னையிலிருந்து ஒரு குழுவோடு போக வேண்டும். இருபது வருட ஆசை. சலீமா பீவி அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தார்.

இப்படிப் பயணம் போகிறவர்கள் முன்கூட்டியே கணக்கையெல்லாம் நேர் செய்துவிட்டுப் போவார்கள். கடன் இருந்தால் அடைக்க வேண்டும், அமானிதம் இருந்தால் ஒப்படைக்க வேண்டும், யார் மனதையாவது நோகடித்திருந்தால் வீடு தேடிப் போய், "பொருந்திக்குங்க" என்று கேட்க வேண்டும். மன்னித்து மனதார ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள். எதிராளி "பொருந்திக்கிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். என் கடைக்கும் வந்தார். என்னோடு அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. இருந்தாலும் கேட்டார், நானும் கூச்சத்தோடு சொன்னேன். தெருவில் ஒரு வீடு விடாமல் முடித்துவிட்டு வந்து பார்த்தால், பரண்மேல் கிட்டார் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு அவரால் விமானம் ஏற முடியாது. திருப்பிக் கொடுத்தால்தான் பயணம். கொடுத்தபடியே திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பயணத்துக்கு மதிப்பு. அவர் அதை அப்படித்தான் நினைத்தார்.

கிட்டாரைக் கீழே இறக்கியதும் ரூமானா செல்போனில் எதையெதையோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "வாசிக்காம வெக்கிற கிட்டாருக்குக் கம்பியத் தளத்தி வெக்கணுமாம்மா. சூடு ஆவாதாம். பாலிதீன் சுத்தவே கூடாதாம். தொறந்து பாத்துட்டுக் குடுக்கலாம்."

"தொறந்துட்டா அப்புறம் அதுக்குப் பேரு அமானிதமா?"

தாயும் மகளும் அரை நாள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் சலீமா பீவி பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். கிட்டார் என்று சொன்னால், இசை கூடுமா கூடாதா என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம்.

"ஹஜ்ரத், ஒருத்தரு ஒரு சாமான நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. கட்டப் பிரிச்சி, கெட்டுப் போயிருக்கான்னு பாக்கலாங்களா?"

"என்னா சாமான்மா?"

"மரச்சாமானுங்க."

"மரம்னா கரையான் வருமேம்மா. கெட்டுப் போவுதான்னு பாக்காம கட்டியே வெச்சிருந்தா அது எப்படிப் பாதுகாப்பாவும்? பிரிச்சிப் பாருங்க."

பிரித்தார்கள். பாலிதீனுக்குள்ளிருந்து அடைத்துக் கிடந்த ஒரு நெடி வந்தது. பையின் உள்துணியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. கம்பிகள் ஆறும் துருப்பிடித்திருந்தன. வயிற்றுப் பக்கம் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டை பசை விட்டு ஒரு ஓரத்தில் எழும்பி நின்றது. கழுத்து முன்பக்கம் வளைந்து, கம்பிக்கும் அதற்கும் நடுவே ரூமானாவின் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

சலீமா பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியதாக நம்பிக்கொண்டிருந்த பொருள் அது. மகள் மேல் எரிந்து விழவாவது ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை.

கடலூரில் செம்மண்டலத்தில் அருள்முருகன் என்று ஒருவர் இருக்கிறார். கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார், வீட்டிலேயே பழுதும் பார்ப்பார். என் மச்சானுக்குப் பழக்கம். எண்ணை வாங்கி நான்தான் கொடுத்தேன்.

கிட்டாரோடு அம்மாவும் மகளும் கடலூர் பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரூமானா சொல்லிக் கேட்டது. கண்டக்டர் நல்ல மனிதர். அதை டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மூடி மேலே வைக்கச் சொன்னார். பூக்கூடையிலிருந்து டிவி பெட்டி வரை எல்லாம் அங்கேதான் போகும்.

"அது சூடுங்க. ஆவாது," என்றார் சலீமா பீவி. சூடு ஆகாது என்பது இரண்டு நாளாகத்தான் அவருக்குத் தெரியும், ஆனால் பிறந்ததிலிருந்து தெரிந்தவர் மாதிரி சொன்னார்.

"அப்ப மேல கேரியர்ல கெடாசிடலாமா?"

"மூணு டிக்கெட் குடுங்க. அது எங்க நடுவுல உக்காந்துக்கும்."

பரங்கிப்பேட்டை விலக்கில் ஏறிய ஒருவர், மூன்று பேர் சீட்டில் நடுவே கிட்டார் ஜமக்காளம் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கடுப்பாகிவிட்டார். "மனுசன் நிக்கறான், பொட்டிக்கு சீட்டாம்மா?"

"அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்குங்க," என்று ரூமானா டிக்கெட்டைக் காட்டினாள். கண்டக்டரும் தலையாட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. சலீமா பீவி மட்டும் சிரிக்காமல், வளைந்த கழுத்தை ஜமக்காளத்தோடு பிடித்துக்கொண்டே கடலூர் வரை வந்தார்.

அருள்முருகன் கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தார். "யக்கா, இதக் கடைசியா யாரு வாசிச்சா?"

"வாங்கி வெச்சதுலேர்ந்து யாரும் தொடல."

"அதான். ஆறு கம்பியும் சேந்து எழுவது கிலோகிட்ட இழுக்குது. ஒரு ஆளு ராவும் பகலும் கழுத்தப் புடிச்சித் தொங்கறான்னு வெச்சிக்குங்க. தளத்தி வுட்டிருந்தா இவ்ளோ ஆயிருக்காது. மேல பரண்ல வெச்சீங்களா?"

"ஆமா."

"சூட்டுல பசை எளகிடுச்சி. பாலிதீனும் சுத்தினீங்களா?"

சலீமா பீவி தலையை மட்டும் ஆட்டினார். அருள்முருகனுக்கு அவர் முகத்தைப் பார்த்து என்னவோ போலிருந்திருக்க வேண்டும். தன் மனைவி தன்னைத் திட்டும் கதையைச் சொன்னார். குழுவோடு வேனில் போகும்போது ஸ்பீக்கர், டிரம்ஸ் எல்லாம் பின்னால் போகும், கிட்டார் மட்டும் இவர் மடியில். சாப்பிட இறங்கினாலும் வெயிலில் நிற்கும் வண்டியில் விடாமல் ஓட்டலுக்குள் தூக்கிக்கொண்டு போவார். "கட்டின பொண்டாட்டிய ஒருநாளு இப்படித் தூக்கினியான்னு கேக்குறா." சலீமா பீவிக்கு அதைக் கேட்கும் மனநிலை இல்லை.

கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி இருப்பதாகவும், சாவி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் நிமிரும் என்றும், அதற்கு நாள் பிடிக்கும் என்றும் சொன்னார். பெயர்ந்த கட்டையை ஒட்டிவிடலாம். அதேபோல் செய்தும் கொடுத்தார். வாங்கப் போனபோது கழுத்து நேராக இருந்தது, புதுக் கம்பிகள் பளபளத்தன. ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு தெரிந்தது.

"பாலிஷ் போட்டுட்டா கோடு தெரியாதுக்கா. குடுத்தவனே கண்டுபுடிக்க மாட்டான்."

"வேணாம்ப்பா. தெரியட்டும். நான் காட்டணும்."

கம்பிகளைத் தளர்த்திவிடச் சொல்லி, அங்கிருந்தே குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினார்கள். இந்த முறையும் மூன்று டிக்கெட். வீட்டில் கொடுக்காதீர்கள் என்று செல்வன் சொன்ன சொல் இன்னும் அப்படியே இருந்தது. ஆகவே திட்டம் இதுதான். அவன் எண்ணை வாங்கிப் பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, பொருந்திக்கொள்ளச் சொல்லி, அவன் அனுமதித்த பிறகே கிட்டாரை அந்த வீட்டில் வைப்பது.

செல்வனின் அம்மா தில்லையம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். காபி வந்தது, முறுக்கு வந்தது. அக்கா பிள்ளைகள் இரண்டும் ஜமக்காளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"எம்புள்ள உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாதுங்க. போன மார்கழியில லீவுல வந்திருந்தான். தரிசனத்துக்குக்கூடக் குடும்பத்தோட செதம்பரம் வந்தமே. கூட்டம் ஜாஸ்தி, காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் அங்கதான் கெடந்தோம்."

ரூமானா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். கோயிலிலிருந்து ஆட்டோவில் போனால் எங்கள் தெரு, பேச ஆரம்பிக்கும் முன்பே வந்துவிடும் தூரம்.

வீடியோ காலில் செல்வன் வந்தான். தாடி வைத்திருந்தான், உடம்பு போட்டிருந்தான். "ஆன்ட்டி!" என்று அவன் கத்தியதில் பொய்யில்லை என்கிறாள் ரூமானா. சலீமா பீவி நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். மகளைப் போனைப் பிடிக்கச் சொல்லி, கிட்டாரைத் திருப்பி, ஒட்டிய கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"செல்வா, உன்னக் கேக்காம இதத் தொறந்துட்டேன். அதுக்கு முன்னாடி தொறக்காமலே கெடுத்துட்டேன். பரண்ல போட்டு வெச்சதுல கழுத்து வளஞ்சிடுச்சி, இந்தக் கட்ட பேந்துடுச்சி. சரி பண்ணியிருக்கு. ஆனா நீ குடுத்த மாரி இல்ல. பொருந்திக்கிட்டேன்னு சொல்லு."

"ஐயோ ஆன்ட்டி, இதுக்குப் போயி... இன்னுமா அத வெச்சிருக்கீங்க? நான் மறந்தே போயிட்டேன்."

"அத வுடு. வாயால சொல்லு."

அவன் மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தவன். அந்தச் சொல் அவனுக்குத் தெரியும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொருந்திக்கிட்டேன் ஆன்ட்டி," என்றான். கிட்டாரை அங்கேயே வைக்கவும் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "நீங்களும் என்னப் பொருந்திக்கணும். ரெண்டு மாசம்னு சொல்லிட்டு உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டேன்."

ஒரு மாதமாக ஊரெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தவர் சலீமா பீவி. தன்னிடம் ஒருவர் கேட்பார் என்று நினைக்கவே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே இருந்த மனத்தாங்கல் அவருக்கே தெரிந்தது.

"மார்கழியில செதம்பரம் வந்தியாமே?"

"அது... ஆன்ட்டி, குடும்பத்தோட..."

"மழையில அரிசிக்கு முன்னாடி உன் கிட்டாரத் தூக்கினேன்டா. பெத்த பொண்ணத் தொட வுடல. எட்டிப் பாத்து, இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க முடியலியா உன்னால? பொருந்திக்க மாட்டேன். போ."

போனை அவரே அணைத்தார். தில்லையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். சலீமா பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம், பரண்மேல் வைக்காதீர்கள், பாலிதீன் சுற்றாதீர்கள், நடு அறைச் சுவரோரம் நிற்க வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தக் கோபத்திலும் ஒன்றையும் விடவில்லை.

புவனகிரி வழியாக வரும் பஸ்ஸில் திரும்பினார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். அழுதார் என்று ரூமானா சொல்கிறாள். ரொம்ப நேரம் கழித்து மகளைக் கேட்டார்.

"அவன் கேட்டான்ல?"

"கேட்டாங்கம்மா."

"கேட்டவனுக்குக் குடுக்காம, நான் எந்த மொகத்தோட மக்காவுக்குப் போயி எனக்குக் குடுன்னு நிக்கறது?"

புவனகிரியில் பஸ் நின்றபோது மகளின் போனை வாங்கி, தில்லையம்மாள் கொடுத்த எண்ணுக்குக் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். அதை ரூமானா எனக்குப் போட்டுக் காட்டினாள். ஹாரன் சத்தத்துக்கும் முறுக்கு விற்கிறவர் குரலுக்கும் நடுவே சலீமா பீவியின் குரல் கேட்கிறது.

"செல்வா, ஆன்ட்டி பேசறேன். பொருந்திக்கிட்டேன். கோவம் இன்னும் போவல. போனதும் சொல்றேன்."